ஜாமீன் கிடைத்தும் ஆறு மாதம் உள்ளே: ஒரு கொத்தனாரின் மூன்று வழக்குகள்

அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், சிறை, நீதிமன்றம் எதையும் குறிப்பிடவில்லை. அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை விட்டுவிட்டேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக இருந்தபோது நான் நேரில் பார்த்த விஷயம் இது. நான் கவனிக்காமல் விட்டதும் இதில் உண்டு.

பின்னணி

அவருக்கு அப்போது 38 வயது. சொந்த ஊர் தெற்கே கரிசல் காட்டுப் பக்கம். மழை ஏமாற்றிய ஒரு வருடம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கொங்குப் பகுதியின் பனியன் நகரம் ஒன்றுக்கு வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். கொத்து வேலை. ஒரே மேஸ்திரியிடம் 6 வருடம். நாள் கூலி 950 ரூபாய். மனைவிக்கு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை. லைன் வீட்டில் ஒற்றை அறை, வாடகை 4,500. மகள் பத்தாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு.

இரண்டு விஷயங்களை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, அவர் மேல் அதற்கு முன்னால் எந்த வழக்கும் கிடையாது. இன்னொன்று, குடும்பத்தின் ரேஷன் கார்டு இன்னும் சொந்த ஊர் முகவரியில்தான் இருந்தது. மாற்ற வேண்டும் என்று வருடா வருடம் நினைத்து, வேலையை விட்டுப் போக முடியாமல் அப்படியே கிடந்தது.

கைது, அதன் பிறகு இன்னும் இரண்டு

2023 தீபாவளி முடிந்து வேலை தொடங்கிய வாரம். கட்டட சைட்டில் செப்பு ஒயர் கட்டுகள் காணவில்லை என்று புகார். மதிப்பு 18,000 ரூபாய். அவரையும் இன்னொருவரையும் அழைத்துப் போனார்கள். திருட்டுப் பிரிவில், அதாவது அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 379ன் கீழ் வழக்கு. அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. அவர் எடுத்தாரா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

ரிமாண்ட் ஆகி மூன்று வாரத்தில் வேறொரு ஸ்டேஷனிலிருந்து பி.டி. வாரண்ட் வந்தது, அதாவது உள்ளே இருப்பவரை இன்னொரு வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு. பக்கத்துத் தாலுகாவில் துப்புத் துலங்காமல் கிடந்த ஒரு மோட்டார் திருட்டு. அடுத்த மாதம் மூன்றாவது, பழைய கேபிள் திருட்டு ஒன்று. இரண்டும் அதே பிரிவு. கதவைத் தட்டியபோது ஒரு வழக்கு, பொங்கல் வரும்போது மூன்று.

ஜாமீன் மூன்றிலும் கிடைத்தது. முதல் வழக்கில் டிசம்பர் கடைசியில், இரண்டாவதில் பிப்ரவரியில், மூன்றாவதில் 2024 மார்ச் இரண்டாம் வாரத்தில். ஒவ்வொரு உத்தரவிலும் 10,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரம், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர். இரண்டாவது வழக்கில், அந்த இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கூடுதலாக ஒரு நிபந்தனை.

கணக்குப் போட்டால் ஆறு பேர். ஒரு வழக்குக்கு நின்றவரை இன்னொன்றுக்கு ஏற்க மாட்டோம் என்று நீதிமன்ற அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

வெளியே நடந்தது

மனைவி தாலிக்கொடியை அடகு வைத்து முதல் வக்கீல் ஃபீஸைக் கட்டினார். பிறகு ஜாமீன்தாரர் தேட ஆரம்பித்தார். வீட்டு உரிமையாளர், "கோர்ட்டுக்கெல்லாம் நான் வரமாட்டனுங்க" என்று கும்பிட்டுவிட்டார். மேஸ்திரியும் முதலில் மறுத்தார். சைட்டில் காணாமல் போன பொருள், அவர் ஆள், கையெழுத்துப் போடப் போனால் தன்னையும் உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம். அதை என்னால் தப்பு சொல்ல முடியவில்லை.

சொந்த ஊரிலிருந்து பெரியப்பா மகன் ஒருவரை மனைவி அழைத்து வந்தார். வி.ஏ.ஓ. சான்று, வீட்டு வரி ரசீது எல்லாம் கையில் இருந்தது. வேற்று மாவட்டம், சரிபார்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்த உறவுக்கு மனைவி கணக்கில் வரமாட்டார். கொத்தனாரின் ஒரே தம்பி கேரளத்தில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார், அவரிடம் எந்தச் சொத்துக் காகிதமும் இல்லை. அம்மாவுக்கு 70 வயது, ஆதார் மட்டும்தான்.

அப்புறம் நீதிமன்ற வாசலில் ஒருவர் கிடைத்தார். வழக்குக்கு 6,000 கொடுத்தால் ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்றார். தண்டலில் வாங்கிய பணத்திலிருந்து 4,000 முன்பணம் கொடுத்தார் அந்தப் பெண். மறுநாளிலிருந்து போன் எடுக்கவில்லை.

மனு போட்டுச் சிறையில் அவரைப் பார்க்கப் போவது மாதம் இரண்டு தடவையிலிருந்து ஒன்றாகி, பிறகு அதுவும் தப்பியது. ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும், வாங்கிப் போகும் பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் காசு வேண்டும். கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால்தான் வாடகையும் தண்டலும் போக அரிசி வாங்கலாம் என்ற நிலைமை.

மகள் மார்ச் கடைசியில் பொதுத்தேர்வு எழுதினாள். 361 மதிப்பெண். ஜூனில் பதினொன்றில் சேரவில்லை. அம்மாவோடு அதே கம்பெனிக்குப் போனாள். மகனிடம், அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது, அவனுக்கும்தான்.

மார்ச் முகாமில் நான் செய்தது

2024 மார்ச் கடைசி வாரம், சிறைக்குள் சட்ட உதவி முகாம். வரிசையாக 60 பேரைப் பார்த்த நாள். இவரும் வந்து நின்றார். "பெயில் ஆயிடுச்சா?" என்று கேட்டேன். "ஆயிடுச்சு மேடம்" என்றார். பதிவேட்டில் டிக் அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கத்தைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். அவர் பெயருக்கு நேராக என் கையெழுத்தில் 'ஜாமீன் கிடைத்துள்ளது, உதவி தேவையில்லை' என்று இருக்கிறது. ஜாமீன் கிடைத்தவர் ஏன் என் எதிரில் கைதியாக நிற்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. அவரும் மேலே எதுவும் சொல்லவில்லை. அதிகாரமுள்ள ஆள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவர். இந்த ஒரு வரி அவருக்கு நான்கு மாதத்தை எடுத்துக்கொண்டது.

ஜூலையில் தெரிந்தது

தண்டனைக் கைதிகளிலும் சிலருக்குச் சட்டத் தன்னார்வலர் பயிற்சி கொடுத்திருந்தோம். அவர்களில் ஒருவர்தான் ஜூலையில் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார்: "மேடம், எங்க பிளாக்குல ஒரு கொத்தனாரு. பெயில் ஆகிக் கெடக்காரு. கையெழுத்துப் போட ஆள் இல்ல."

அன்று உட்கார்ந்து முழுதாகக் கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "காய்ப்பெல்லாம் உரிஞ்சு போச்சு மேடம். பொண்ணு கை மாதிரி ஆயிடுச்சு." இருபது வருடம் கரண்டி பிடித்த கை. சிமெண்ட் அரித்த விரல் இடுக்குகளில்கூடப் புதுத் தோல் வந்திருந்தது. வெளியே போனால் இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வேன் என்பதுதான் அவருடைய முதல் கவலையாக இருந்தது.

மூன்று உத்தரவுகளையும் வாங்கி மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதுவரை யாரும் அப்படிச் சேர்த்துப் பார்க்கவில்லை. முதல் வழக்கில், தினமும் காலை 10.30க்கு ஒரு ஸ்டேஷனில் கையெழுத்து. இரண்டாவதில், தினமும் காலை 10.30க்கு 22 கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஸ்டேஷனில் கையெழுத்து. வெளியே வந்திருந்தாலும் முதல் நாளே ஏதோ ஒரு நிபந்தனையை மீறியிருப்பார்.

இதற்கெல்லாம் ஏற்கெனவே ஏற்பாடு இல்லையா என்றால், இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியேறவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் வரவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று கேட்பது தாமதத்துக்கு ஒரு காரணம், அதை விதிக்காமல் இருக்கலாம் என்றும் அதில் உண்டு. உள்ளூர் ஆள் வேண்டும் என்ற பிடிவாதத்தை நீதிபதி கிருஷ்ணய்யர் 1978லேயே மோதி ராம் வழக்கில் கண்டித்துவிட்டார். வட இந்தியாவில் கைதாகும் ஒரு தமிழனோ மலையாளியோ அந்த ஊரில் ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டார். அந்த வழக்கில் உள்ளே இருந்தவரும் ஒரு கொத்தனார்தான்.

அப்படியானால் அந்த 7 நாள் மணி ஏன் அடிக்கவில்லை? டிசம்பரில் முதல் ஜாமீன் வந்தபோது கணினிப் பதிவில் அவர் 'வேறு வழக்கில் ரிமாண்ட்'. வெளியேறாததற்குக் காரணம் பதிவில் இருக்கிறது, அதனால் யாருக்கும் தகவல் போகவில்லை. இரண்டாவது வந்தபோதும் அதே குறிப்பு. மார்ச்சில் மூன்றாவது வந்தபோது பழைய குறிப்பை யாரும் நீக்கவில்லை.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. நம் சட்டச் சலுகைகள் எல்லாம் ஒரே ஒரு வழக்கு உள்ள மனிதரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் விடச் சொல்கிறது. நல்ல பிரிவு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் அது பொருந்தாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஏழைக்குத்தான் ஒன்று மூன்றாகிறது. துப்புத் துலங்காத வழக்குகள் போய் ஒட்டுவது, கேட்க ஆளில்லாதவர் மேல்தான்.

2022 கடைசியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், இடம் இருந்தது 4,36,266 பேருக்கு. இருந்தவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 சதவீதம், விசாரணைக் கைதிகள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு அது. அந்த விசாரணைக் கைதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லாச் சிறைகளும் ஏறக்குறைய நிறைந்துவிடும்.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகளை யோசித்தோம். 479ஐக் கேட்பது நடக்காது, காரணம் மேலே சொன்னதுதான். அடுத்தது, ஏழைக் கைதிகளுக்காக மத்திய உள்துறை 2023ல் கொண்டுவந்த நிதியுதவித் திட்டம். அப்போதைய விதிப்படி விசாரணைக் கைதி ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை கிடைக்கும், மாவட்டக் குழு கூடி ஒப்புதல் தர வேண்டியிருந்தது. ஆனால் உத்தரவுகள் பணத்தைக் கேட்கவில்லை, ஆட்களைக் கேட்டன. ஆட்களுக்குப் பதில் ரொக்கம் என்று மாற்ற வேண்டுமானாலும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதனால் மூன்று வழக்கிலும் நிபந்தனை தளர்வு மனு போடுவது என்று முடிவு செய்தோம். ஒரே இரண்டு ஜாமீன்தாரரை மூன்றுக்கும் ஏற்க வேண்டும், ரத்த உறவு நிபந்தனையை நீக்க வேண்டும், கையெழுத்து நேரத்தை மாற்ற வேண்டும். இதுதான் கோரிக்கை.

நிதித் திட்டத்துக்கும் அன்றே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். ஒன்று தோற்றால் இன்னொன்று என்று வைத்தது சரியில்லை, கழிந்தது அவருடைய நாட்கள்.

ஜாமீன்தாரர் விஷயத்தில் மறுபடியும் மேஸ்திரியிடம் போனேன். இந்தத் தடவை சட்ட உதவி வக்கீலும் கூட வந்தார். ஜாமீன் நிற்பது என்றால் என்ன, இவர் வாய்தாவுக்கு வராவிட்டால் என்ன ஆகும், அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டுவிட்டு மேஸ்திரி சொன்னது: "இதை ஆறு மாசத்துக்கு முன்னாடி யாராச்சும் சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பனுங்க." இன்னொருவர், லைன் வீட்டு முனையில் டீக்கடை வைத்திருப்பவர்.

நீதிமன்றங்களில்

முதலாவதும் மூன்றாவதும் ஒரே நடுவர் முன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டிலும் தளர்வு கிடைத்தது. பக்கத்துத் தாலுகா நீதிமன்றத்தில் மனு தள்ளுபடி. வேறு வழக்கில் நின்ற ஜாமீன்தாரரை ஏற்க முடியாது என்று.

அந்த மாதம் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. 13 வழக்குகளில் ஜாமீன் கிடைத்தும் போதிய ஜாமீன்தாரர் இல்லாமல் சிறையிலேயே இருந்த ஒருவருடைய வழக்கு, கிரிஷ் காந்தி எதிர் உத்தரப்பிரதேச அரசு. பல மாநில வழக்குகளுக்கும் ஒரே ஜாமீன்தாரர்களை ஏற்கச் சொன்னார்கள். ஜாமீன்தாரராக வருபவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராகவோ நீண்ட நாள் நண்பராகவோதான் இருப்பார், குற்ற வழக்கு என்றால் அந்த வட்டம் இன்னும் சுருங்கிவிடும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது அந்தப் பெண் ஏறி இறங்கிய வீடுகள்தான் கண்ணுக்கு வந்தன. தீர்ப்பின் நகலை இணைத்து மறுபடி மனு போட்டோம். செப்டம்பர் முதல் வாரத்தில் அனுமதித்தார்கள்.

பத்திரம் தாக்கலான அன்று மாலையே வந்துவிடுவார் என்று மனைவியும் பிள்ளைகளும் சிறை வாசலில் நின்றார்கள். ஒரு உத்தரவில் அவர் அப்பா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்தி வாங்க இன்னும் ஒரு நாள். மறுநாள் சாயங்காலம் வெளியே வந்தார். கைதானதிலிருந்து பத்து மாதம், கடைசி ஜாமீனிலிருந்து ஆறு மாதம்.

விடுதலைக்குப் பின்

முதல் வாரம் கரண்டி பிடித்ததில் கை முழுக்கக் கொப்புளம். மேஸ்திரி பத்து நாள் பூச்சு வேலை தராமல், மட்டம் பார்க்கிற வேலையில் வைத்திருந்தார். கையெழுத்து வாரம் ஒரு தடவையாக மாறியதால்தான் வேலைக்கே போக முடிந்தது. கொத்து வேலைக்காரருக்குக் காலை 10.30 என்பது அன்றைய கூலி போச்சு என்று அர்த்தம்.

மாதம் 22 நாள் வேலை என்று வைத்தால் பத்து மாதக் கூலி 2 லட்சத்துக்கும் மேல். தாலிக்கொடி மூழ்கிப்போனது. தண்டல் பாக்கி 30,000. வீட்டு அட்வான்ஸ் வாடகையில் கழிந்துவிட்டது. புகாரில் சொன்ன ஒயரின் மதிப்பை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

மகன் ஒரு வாரம் அப்பா பக்கத்தில் படுக்கவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டால் போய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வருவான். அந்தப் பகுதியில் எங்காவது திருட்டு என்றால் இவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது இரண்டு தடவை நடந்தது. வக்கீல் எழுத்துமூலம் முறையிட்ட பிறகு நின்றது. மகள் 2025 ஜூனில், ஒரு வருடம் தாமதமாக, பதினொன்றில் சேர்ந்தாள். கம்பெனி சம்பளத்தை விட்டுவிட்டுப் போக அவளே ரொம்ப யோசித்தாள் என்று அம்மா சொன்னார்.

முதல் வழக்கு, புகார் கொடுத்த ஒப்பந்ததாரர் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டதில் முடிந்தது. மூன்றாவதில் சாட்சிகள் அடையாளம் காட்டவில்லை, விடுதலை. இரண்டாவது நடந்துகொண்டிருக்கிறது.

இனி எப்படிச் செய்வது

முகாமில் என் முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "பெயில் ஆயிடுச்சா" என்று கேட்பதில்லை. "எத்தனை கேஸ், ஒவ்வொண்ணுலயும் என்ன ஆச்சு, வீட்டிலிருந்து கடைசியா யார் எப்ப வந்தாங்க" என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பல சமயம் விஷயம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பக்கம், அதில் அவருடைய எல்லாக் குற்ற எண்களும், ஒவ்வொரு ஜாமீன் தேதியும். இதைச் செய்ய ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

சிறைப் பதிவில் 'வேறு வழக்கில் ரிமாண்ட்' என்ற குறிப்புக்கு ஒரு காலாவதி வேண்டும். கடைசி ஜாமீன் பதிவானதும் அது தானாக விழுந்து, 7 நாள் கணக்கு தொடங்க வேண்டும். இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஜாமீன்தாரராக வரக்கூடியவர்களிடம் பேசுவதைக் குடும்பத்தின் தலையில் போடாமல், ஜாமீன் கிடைத்த வாரத்திலேயே சட்ட உதவியிலிருந்து ஒருவர் நேரில் போக வேண்டும். மேஸ்திரிக்கு டிசம்பரிலேயே ஒரு அரை மணி நேரம் கொடுத்திருந்தால் குறைந்தது முதல் வழக்கின் பத்திரம் அப்போதே முடிந்திருக்கும்.

479ஆம் பிரிவில் உள்ள பல வழக்குத் தடையை, ஒரே கைதைத் தொடர்ந்து ஒட்டப்பட்ட வழக்குகளுக்குப் பொருத்தக் கூடாது என்பது என் கருத்து. அதை நீதிமன்றமோ நாடாளுமன்றமோதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வழக்கின் வாய்தா தேதியை மகள்தான் காலண்டர் தாளில் வட்டம் போட்டு வைக்கிறாள். ஒரு வாரம் முன்னாலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிடுவார். போன தடவை அரசுத் தரப்புச் சாட்சி வரவில்லை, பதினொன்றரைக்கே தேதி மாற்றிவிட்டார்கள். அவர் அங்கிருந்து நேராக சைட்டுக்குப் போய் அரைநாள் வேலை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.